குழலில் மூன்று, கட்டையில் நான்கு

“தங்கள் விண்ணப்பத்தில் ஆயுதத்தின் எண் இரு இடங்களில் இரு வேறாகக் காட்டப்பட்டுள்ளது. இதற்கான விளக்கத்தை, இக்குறிப்பாணை கிடைத்த பதினைந்து தினங்களுக்குள், ஆயுதத்துடன் நேரில் ஆஜராகி எழுத்து மூலம் அளிக்கவும். தவறினால் சட்டப்படி மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.”

அண்ணனுக்கு வந்த இந்தக் கடிதத்தின் நகல் என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. அனுப்பிய நாள் வெள்ளிக்கிழமை. செந்துறைக்குப் பக்கத்திலுள்ள அண்ணன் வீட்டுக்குத் தபால் வந்தது செவ்வாய், காலை பதினொன்றரை மணி. ஆண்டையும் முழு எண்களையும் இங்கே எழுத வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். அதனால் கடைசி இலக்கத்தை மட்டும் சொல்கிறேன். குழலில் இருந்தது மூன்று. கட்டையோடு சேர்ந்த இரும்புப் பகுதியில் இருந்தது நான்கு. மற்ற இலக்கங்கள் எல்லாம் ஒன்றே.

உரிமப் புத்தகத்தில் மூன்றுதான் இருக்கிறது. நான்கு என்று ஒன்று இருப்பதை அரசாங்கத்துக்குச் சொன்னது நான்.

நான் சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். மணிக்கு ஒரு முறை மாதிரி எடுத்து, நேரம் போட்டு, அளவு எழுதி, கையெழுத்திட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழை பெய்த நாள், போர்வெல் வறண்ட நாள், பஸ் நேரம் மாறிய நாள் எல்லாம் என் நோட்டுகளில் உண்டு. யாருக்கும் அவை தேவைப்பட்டதில்லை. துப்பாக்கி உரிமங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று புதுப் படிவம் வந்தபோது, “நீதான் இதெல்லாம் சரியா எழுதுவ” என்று அண்ணன் என்னிடம் கொடுத்தார். சரியாகவே எழுதினேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குழல், அருகருகே அமைந்தது. பன்னிரண்டாம் நம்பர் தோட்டா போடுவது. ஒரு ஜமீன் வீட்டில் சாமான்கள் விலை போட்டபோது அப்பா வாங்கியது. நாங்கள் பிறப்பதற்கு முன்பு. கடலைக் கொல்லைக்குள் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி; அதற்குமேல் அது எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பதினொரு வருடமாக அதுவும் இல்லை. ஆனால் வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவியோடு அதையும் வரிசையில் வைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார்கள். விசை வளையத்துக்குப் பின்னால், கட்டைக்கு அடியில் ஓடும் இரும்பு நாக்கில்தான் அப்பா சந்தனத்தை அப்புவார். அண்ணனும் அதே இடத்தில் அப்பினார். எழுபது வருடத்துக்கும் மேலான சந்தனம் அங்கே காரை மாதிரி இறுகிக் கிடந்தது. சோதனைக்கு வரும் அதிகாரிகள் குழலைக் கழற்றி, அதன் அடியில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார்கள். பொட்டைச் சுரண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் சுரண்டினேன். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிவத்தில் ‘ஆயுதத்தில் காணப்படும் எண்கள்’ என்று இருந்தது. எண்கள் என்று பன்மையில் கேட்கிறார்களே என்று பார்த்தேன். சந்தனத்துக்கு அடியிலிருந்து நான்கு வந்தது. இரண்டையும் எழுதினேன். எது எங்கே என்று ஒரு சிறு படமும் போட்டேன்.

கடிதம் வந்த அன்று அண்ணன் போனில் கத்தினார்.

“ஏன்டா, ஒன்ன எவன்டா அதச் சொரண்டச் சொன்னான்? எழுவது வருசமா பொட்டுக்கு அடியில செவனேன்னு கெடந்துச்சு!”

“படிவத்துல கேட்டிருந்தாங்கண்ணே.”

“கேட்டா? ஓங்கிட்ட எத்தன பல்லுன்னு கேட்டா கொட்டுனதையும் சேத்து எழுதுவியா?”

பிறகு அண்ணி வாங்கிப் பேசினார். அவர் கத்தவில்லை. “தம்பி, ஒங்கண்ணனுக்கு எழுவத்தி நாலு. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு. போலீசு, கேசுன்னு அலைய முடியாது. நீங்கதான் எழுதுனீங்க, நீங்கதான் அத முடிச்சுக் குடுக்கணும்.”

உரிமத்தில் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் என்ன வழக்கு, எத்தனை வருடம் என்று படித்துப் பார்த்தேன். படித்திருக்க வேண்டாம்.

கடிதம் அனுப்பிய அரியலூர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மையார் பொறுமையானவர். “சார், எழுதிட்டீங்க. எழுதினதுக்கு ஒரு பதில் வேணும்ல? எப்படி ரெண்டு நம்பர் ஆச்சுன்னு ஒரு ஆதாரம் கொண்டாங்க. அது போதும்” என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் எடுத்து வைத்த கோப்பைப் பார்த்ததும்தான் எனக்குச் சோர்வு வந்தது. அப்பா வாங்கிய உரிமம் திருச்சியில் பதிவானது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் கோப்பு அங்கே போனது. 2001இல் அரியலூர் பிரிந்ததும் இங்கே வந்தது. மறு வருடமே இரண்டையும் சேர்த்ததும் திரும்பிப் போனது. 2007இல் மறுபடி பிரிந்ததும் மறுபடி வந்தது. இத்தனை பயணத்துக்குப் பிறகு உள்ளே இருந்தவை ஆறு தாள்கள்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? துப்பாக்கியிடமே கேட்க வேண்டியதுதான் என்று அண்ணன் வீட்டுக்குப் போய், கழற்றித் துணியில் பரப்பினேன். இரண்டு குழல்களுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் ஒரு கம்பெனியின் பெயர், அதன் பின்னால் லண்டன் தெரு ஒன்றின் பெயர். பட்டையின் அடியோரத்தில் தங்கத்தில் பதித்த ‘1’. குழலைத் திறக்கத் தள்ளும் நெம்புகோலின் மேல் தங்கத்தில் ‘2’. சிறுவயதில் அப்பா எங்களுக்குச் சொன்ன விளக்கம்: ஒன்று என்றால் முதல் தரம், இரண்டு என்றால் ரெட்டைக் குழல். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

அந்தப் பெயரில் இப்போதும் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. பலமுறை கைமாறிவிட்டது, ஆனால் பழைய பேரேடுகளில் சிலவற்றை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு நாளில் பதில் வந்தது. மூன்றும் நான்கும் தனித்தனித் துப்பாக்கிகள். ஜோடியாகச் செய்து, ஒரே பெட்டியில் வைத்து, முதல் உலகப் போருக்கு முன்னால் மெட்ராஸ் வியாபாரி ஒருவருக்கு அனுப்பப்பட்டவை. மூன்று எண்ணுடையதில் எல்லாப் பாகத்திலும் 1 என்றும், நான்கு எண்ணுடையதில் எல்லாப் பாகத்திலும் 2 என்றும் தங்கத்தில் பதித்திருப்பார்கள். யாருக்காக வாங்கினார் என்ற இடம் பேரேட்டில் காலியாக இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: குழலின் அடியிலுள்ள சோதனை முத்திரைகள் பர்மிங்காமுடையவை, துப்பாக்கி அங்கே செய்யப்பட்டு, லண்டன் விலாசம் போட்டு விற்கப்பட்டிருக்கலாம்.

பதிலை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிதான் அவரைச் சுட்டது.

“பர்மிங்காமுன்னா லண்டன் இல்லியா?”

“நூறு மைலுக்கு மேல.”

“அப்ப அப்பா சொன்னது?”

“பட்டையில லண்டன்னுதான் போட்டிருக்கு. அப்பா அதத்தான் படிச்சாரு.”

“நீங்க அரியலூர்ல அரைச்ச சிமெண்டுல மெட்ராசு விலாசம் போட்டீங்கல்ல, அந்த மாதிரி” என்றார். அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

“எதுக்கு ஜோடி?” என்று கேட்டார். ஒன்றைச் சுட்டு முடித்ததும் பின்னால் நிற்கும் ஆள் தோட்டா நிரப்பிய மற்றதைக் கையில் கொடுப்பான், சுடுகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை என்றேன்.

“அதுக்குன்னு ஒரு ஆளா? நம்மூட்ல பன்னிய வெரட்ட ஒரு ஆளுக்கே வழியில்ல.”

சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். “அந்த இன்னொண்ணு லப்பைக்குடிக்காட்டுல இருந்துச்சுடா. அப்பாவும் அந்த ஊரு பாய் ஒருத்தரும் ஒரே நாள்ல வாங்குனாங்க. எலக்சனுக்கு எலக்சன் திருச்சி துப்பாக்கிக் கடையில கொண்டுபோய்க் குடுக்கும்போது பாத்துக்குவாங்க. ரெண்டு பேரும் காப்பி குடிச்சிட்டு வருவாங்க. நானே போயிருக்கேன்.”

தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காவல் நிலையத்தில் கொடுக்கலாம். உரிமம் பெற்ற கடையிலும் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் திருச்சியில் ஒரு கடை இருந்தது, இப்போது இல்லை. குழல்களைக் கழற்றி ஒரு சாக்கிலும் கட்டைகளை இன்னொரு சாக்கிலும் போட்டு அடுக்குவார்கள் என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதே அவருக்கும் தோன்றியிருந்தது. ஒரே ஜோடியில் செய்தவை. மாற்றிப் பூட்டினாலும் பொருந்தும்.

மறுநாள் இருவரும் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனோம். பெயரைச் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். பெரிய பாய் காலமாகிவிட்டார். அவர் மகன், ஏறக்குறைய என் வயது, இருபத்தெட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையிலேயே உட்கார வைத்து, ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். துப்பாக்கி இல்லை என்றார்.

“அத்தா மவுத்தானதும் கவர்மெண்ட்ல ஒப்படைச்சிட்டோங்க. பெரம்பலூர்ல. நாங்க மூணு பேரும் வெளிநாட்ல. யாரு அத வெச்சுக்கிட்டு லைசென்ஸ் ரினிவல் பண்றது? அப்ப அரியலூரும் பெரம்பலூரும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

“லைசென்ஸ் புக்கு இருக்குதுங்களா பாய்?” என்று கேட்டேன்.

எழுந்து போய், பின்பக்க வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் அது இருந்தது. திறந்தார். எண் இருக்கும் பக்கத்தில் விரலை வைத்தார். கடைசி இலக்கம் நான்கு.

அண்ணன் என் தொடையில் கிள்ளினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், சந்தனம், இரண்டு எண்கள், இங்கிலாந்துப் பதில். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப எங்க அத்தா வெச்சிருந்ததும் பாதி உங்களோடதுங்களா?” என்றார்.

“அப்படித்தான் தெரியுது.”

“இத நீங்க கொண்டு போய்க் குடுத்தா எங்க மேல எதுனா வருமா? எம் மவன் சவூதியில இருக்கான். பாஸ்போர்ட்டு இந்த வருசம் ரினிவல். போலீஸ் வெரிஃபிகேசன் வரும்.”

“ஒண்ணும் வராது பாய்” என்றார் அண்ணன் உடனே.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன் நான். “நீங்க ஒப்படைச்சு ரொம்ப நாளாச்சு. வராதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது.”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

பாய் புத்தகத்தை மூடினார். திறந்தார். கடைக்கு வந்த ஒருவருக்கு இரண்டு தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் அண்ணன் பேச்சை வேறு பக்கம் கொண்டு போனார். “திருச்சியில குடுத்து வாங்குனதுக்கு அப்புறம் பூட்டுறப்ப இறுக்கமா இருக்குதுன்னு உங்க அத்தா சொல்லியிருப்பாரே?”

“சொல்லியிருப்பாங்க” என்றார் பாய். “எனக்கு அந்தளவுக்கு நெனப்பு இல்ல. சொல்லியிருப்பாங்க.”

கடைசியில் நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. எதற்காக வாங்கினேன், எந்த அலுவலகத்தில் கொடுப்பேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். “கல்ஃப்ல எல்லாம் சீட்டு இல்லாம ஒரு தாளக்கூடக் கையில குடுக்க மாட்டாங்க. பழகிருச்சு” என்றார். நான் நேரத்தையும் சேர்த்து எழுதினேன்: மாலை நாலு பத்து. படித்துப் பார்த்துவிட்டு, திருப்தியோடு மடித்து டின்னில் வைத்தார்.

அன்றிரவே விளக்கம் எழுதினேன். பழைய தேர்தல் ஒன்றின்போது பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட இரு துப்பாக்கிகளின் கட்டைகள் திருப்பி வாங்கும்போது தவறுதலாக மாறியதாகத் தெரிகிறது; ஆதாரங்கள் இணைப்பு. அண்ணன் கையெழுத்திட்டார். வலது கை நடுங்குவதால் கையெழுத்து உரிமத்தில் உள்ளது போல் இல்லை. அதையும் குறிப்பிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். குறிப்பிடவில்லை.

பதினைந்து நாள் கெடுவில் பதிமூன்றாம் நாள், துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி இரண்டு சாக்கில் சுற்றி, உரிமப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அண்ணன் பஸ் ஏறினார். கூடவே நான்.

“என்ன பெரியவரே, கடப்பாரையா?” என்றார் கண்டக்டர்.

“ஆமாம்ப்பா. பாத்து, கால்ல விழுந்துரும்.”

அலுவலகத்தில் அதிகாரி, பக்கத்தில் ஆயுதப்படையைச் சேர்ந்த ஆயுதப் பழுதுநர். அவர் ஒரு நிமிடத்தில் துப்பாக்கியைப் பூட்டினார், ஒரு நிமிடத்தில் பிரித்தார். ஒன்றையும் இரண்டையும் பார்த்தார். “ஜோடி சார்” என்றார் அதிகாரியிடம். “மாறித்தான் இருக்கு. வேணும்னு யாரும் செய்யுற வேல இல்ல.” நகலை வாங்கிப் பார்த்தார்கள். விளக்கத்தை இருமுறை படித்தார்கள்.

வழக்கு இல்லை என்று அதிகாரி சொன்னார். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்கள் தளர்ந்தன. அதிகாரி தொடர்ந்தார். இனி இரண்டு வழிகள். துப்பாக்கியை ஆய்வுக்கு அனுப்பி, அறிக்கை வாங்கி, உரிமத்தில் இரண்டு எண்களையும் திருத்தலாம். அதுவரை துப்பாக்கி கிடங்கில் இருக்கும், கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. அல்லது உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கலாம், கோப்பு முடிந்துவிடும்.

“உங்க விருப்பம்தாங்க பெரியவரே. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு சார்” என்றார் அண்ணன். “இதத் தூக்கிட்டு இன்னொரு தடவ பஸ் ஏற முடியாது.”

என்னைப் பார்த்து, “எழுது” என்றார். எழுதினேன். ரசீது கொடுத்தார்கள். அதில் இரண்டு எண்களும் சரியாக இருந்தன. சாக்குகளை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார் அண்ணன். கடலைக்கு ஆகும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணிக்குப் போன் செய்து, “முடிஞ்சிருச்சு, சோத்த வடி” என்றார். முந்திரிக் காடுகள் தொடங்கிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அந்த ரெண்டு இருக்குல்ல, நெம்புகோல்ல… அத நான் ஒண்ணாவது ரெண்டாவது படிக்கறப்பவே பாத்த மாதிரி இருக்குடா. நம்பர் கத்துக் குடுக்க அப்பா அதுலதான் வெரல வெச்சுச் சொல்லுவாரு. இது ஒண்ணு, இது ரெண்டுன்னு.”

“அப்ப எலக்சன்ல மாறல. வாங்கும்போதே மாறியிருக்கு.”

“இருக்கலாம். இல்ல, அப்ப ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான் இருந்துச்சோ என்னமோ. எனக்குச் சரியாத் தெரியல.”

“விளக்கத்துல எலக்சன்னு எழுதிக் குடுத்துருக்கோம்ணே.”

“தெரியும். நோட்டப் பைக்குள்ள வையி.”

வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் எழுதினேன். திருச்சிக் கடையின் பதிவேடுகள் எங்கே போயின என்று கேட்டுப் பார்த்தேன், அறிந்தவர் யாருமில்லை. ஜமீன் வீட்டு விலைப்பட்டியலும் கிடைக்கவில்லை. இதைக் கேட்டு மறுபடி ஓர் அலுவலகத்துக்கு எழுத எனக்குத் துணிவும் இல்லை, தெம்பும் இல்லை. ஆகவே: மூன்றின் குழலும் நான்கின் கட்டையும் எப்போது, எங்கே ஒன்று சேர்ந்தன என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அண்ணனின் கையெழுத்தோடு கோப்பில் இருக்கும் விளக்கமும் சரிபார்க்கப்படாததே.